இயங்கலைக் கல்வி: குணமும் குறையும்

கற்போர் கல்வியைத் தேடிச் செல்வதா, கல்வி கற்போரைத் தேடி வருவதா என்பது பழைய வினா. ஆசிரியரின் இல்லத்தில் தங்கிப் பயின்ற காலமும் உண்டு. அஞ்சல்காரர் பாடத்தை வீட்டு வாயிலில் கொண்டுவந்து தந்த காலமும் உண்டு. 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பார் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சல் வழியே அனுப்பத் தொடங்கினார். அன்று அஞ்சல் செய்த பணியை இன்று இணையம் செய்கிறது. விரைவு கூடியிருக்கிறது, ஆயினும் ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருக்கும் நிலை மாறவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவோர் யார் என்பதைப் பொறுத்தே இம்முறையின் குணமும் குறையும் அமைகின்றன.

முதலில் குணத்தைக் காண்போம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் வெளிவளாகக் கல்வியைத் தொடங்கிற்று. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. தமிழ் கற்க விழையும் அயலகத் தமிழர்க்கென 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதற்கு அடிகோலியவருள் முதன்மையானவர் அறிஞர் வா. செ. குழந்தைசாமி. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது.

இவற்றால் பயன் பெறுவோர் பெரும்பாலும் வயது வந்தோர். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் இளைஞரையும், சிகாமட்டில் குழந்தைகளை வளர்க்கும் தாயையும் எண்ணிப் பார்க்கலாம். வேலையை விட்டோ வீட்டை விட்டோ கோலாலம்பூருக்குச் சென்று பட்டம் பெறுதல் இவர்களுக்கு எளிதன்று. இயங்கலைக் கல்வி இவர்களுக்கு அடைத்த கதவைத் திறந்துவிடுகிறது. விளங்காத பாடத்தை மீண்டும் மீண்டும் கேட்கலாம்; வகுப்பில் எழுந்து பேசக் கூசுவோர் ஐயத்தை எழுதிக் கேட்கலாம். இடைவெளியை நிரப்பும் ஊக்கமும் பழக்கமும் இவர்களிடமே உண்டு.

சிறுவர்க்கு இது பொருந்துமா? 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஜொகூரில் ஏறக்குறைய எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவற்றுட் பல தோட்டப்புறங்களில் தோன்றியவை. அப்பிள்ளைகளின் வகுப்பறை ஒரே நாளில் கைப்பேசிக்குள் அடங்கிற்று. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எக்கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. கருவி உடையோரிலும் பெரும்பாலோர் நம்பியிருந்தது திறன்பேசியையே. தந்தை வேலைக்குப் புறப்பட்டால் அவருடன் வகுப்பும் புறப்பட்டுவிடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கைப்பேசியை யாருக்குத் தருவது?

ஜொகூருக்கே உரிய இடர் வேறொன்றும் இருந்தது. நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பும் பெற்றோர் இங்கே மிகப் பலர். எல்லை மூடப்பட்டபோது, வேலையைக் காக்க வேண்டி அவர்களிற் பலர் அக்கரையிலேயே தங்கினர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள அப்பாலத்தின் தரைவழி 2022 ஏப்ரல் முதல் நாளன்றுதான் முழுமையாகத் திறந்தது. வீடே பள்ளியாக வேண்டிய காலத்தில், அவ்வீடுகளில் அருகமர்ந்து சொல்லித்தரத் தந்தையோ தாயோ இல்லை. பாட்டியிடம் அன்பு இருந்தது. கணினிப் பழக்கம் இல்லை.

அரசு வாளாவிருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சி ஒளிவழி ஒன்றைத் தொடங்கிற்று. ஐந்நூறு பள்ளிகளைச் சேர்ந்த மாணவர்க்கு 1,50,000 மடிக்கணினிகள் வழங்கும் திட்டத்தையும் வகுத்தது. இவை வேண்டிய உதவிகளே. எனினும் கருவி என்பது பாடம் வந்து சேரும் வழி மட்டுமே. முதலாம் ஆண்டு மாணவன் எழுதுகோலைப் பிடிக்கும் முறையை ஆசிரியர் கண்டு திருத்த வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை அவன் ஆசிரியரின் வாயசைவைப் பார்த்து, காதால் கேட்டுப் பழக வேண்டும். வீட்டில் தமிழ் குறைந்துவரும் குடும்பத்துப் பிள்ளைக்கு, நண்பருடன் தமிழில் பேசி விளையாடும் இடமும் பள்ளியே. இவற்றைத் திரையால் தர இயலவில்லை.

பதினைந்து வயதினர்க்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2018இல் 440; 2022இல் 409. இவ்வீழ்ச்சிக்கு இயங்கலைக் கல்வி ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. பல நாடுகளும் அக்காலத்தில் சரிந்தன. எனினும் பள்ளி மூடியிருந்த காலத்தின் இழப்பு சிறிதன்று என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

இயங்கலைக் கல்வி நல்லதா, தீயதா என்று பொதுப்பட வினவுதல் பயனற்றது. அது தொலைவைக் குறைக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில்லை. ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் ஒரே பலகை, ஒரே ஆசிரியர் என்பது பள்ளி தரும் நீதி. அந்நீதி இயங்கலையில் கிட்டுவதில்லை. ஆகவே வயது வந்தோர்க்கு இம்முறையை விரிவாக்க வேண்டும். இளையோர்க்கு இடையிடையே நேரில் கூடும் வகுப்புகளையும் சேர்க்க வேண்டும். சிறுவர்க்கு இது பள்ளிக்குத் துணையாக மட்டுமே இருத்தல் வேண்டும். மீண்டும் பள்ளிகளை மூட நேரின், கருவி வழங்குவதோடு நில்லாமல், தோட்ட மண்டபத்திலோ கோயில் கூடத்திலோ சிறு குழுக்களாகப் பிள்ளைகளை அமர்த்திச் சொல்லித்தர ஆள் அமர்த்துவதும் கடமையாகும். அதற்கான திட்டத்தைப் பள்ளி வாரியங்களும் பெற்றோர் சங்கங்களும் இன்றே வகுத்து வைத்தல் நலம்.