பாதி உங்க வீட்டுச் சீர்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை மறுபடி படித்தேன். வந்தது 2010-ல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் 'எழுத்தாளன் செத்துவிட்டான்' என்று அறிவித்தார் அவர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை எழுதச் சொன்னது. இந்தக் களேபரத்தில் பதினான்காம் நாள் திருவிழாவைப் பற்றியே எல்லோரும் பேசினோம். மற்ற பக்கங்களை விட்டுவிட்டோம்.

காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தையில்லை. அந்த இரண்டு பேர் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே ஊரில் இல்லை. அவளுக்கு 'வறடி' என்று பட்டம். அவள் கை பட்டால் விதை முளைக்குமா என்கிறார்கள். முன்னோர் பாவம், மலைமேல் சாமியின் சாபம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். (இந்தச் சாபக் கதைகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.) ஏச்சும் பரிகாரமும் தாராளமாகக் கிடைக்கின்றன. தகவல் மட்டும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை, போகட்டும்.

இன்றைக்கு? அதே சேலம், நாமக்கல் பக்கம் ஒரு பிரசவ வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். "என்ன கொழந்தைங்க?" நர்ஸ் தயங்குகிறார். ஆணா, பெண்ணா என்று பார்த்ததும் சொல்ல முடியவில்லை. பால் வளர்ச்சி வேறுபாடு என்று இதற்குப் பெயர். (திருநங்கை என்பது வேறு விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மலைமேல் பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்பவரைக் கும்பிட்டுவிட்டு வந்த மாமியார், "எங்க வழியில இப்படி இல்லீங்க" என்று சம்பந்தி பக்கம் திரும்புவார்.

அம்மிணி, கொஞ்சம் இருங்க. இதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, சிறுநீரகத்தின் மேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. கார்ட்டிசால் சரியாகச் சுரக்காமல் ஆண் ஹார்மோன் கூடிவிடுகிறது. கருப்பையோடு பிறக்கும் பெண் குழந்தைக்கு வெளித்தோற்றம் மாறிவிடுகிறது. மரபணுக் கோளாறுதான். ஆனால் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் உண்டு. சொந்தத்திலேயே கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். அடுத்த குழந்தைக்கும் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஆகவே மாமியாரே, பாதி உங்க வீட்டுச் சீர்.

இதில் ஒரு வகை பொல்லாதது. பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் உடம்பிலிருந்து உப்பு வெளியேறும். குழந்தை வாந்தியெடுக்கும், பால் குடிக்காது, துவண்டுவிடும். உயிரே போகலாம். மந்திரிக்க ஓடாமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். தினமும் மாத்திரை தவறாமல் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் மாதிரி வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்.

அவசரமில்லாதது ஆபரேஷன். "விவரம் தெரியறதுக்குள்ள சரி பண்ணிரலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்த மாதிரி அறுவை சிகிச்சையைக் குழந்தைகளுக்குச் செய்யக் கூடாது என்று 2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பெழுதினார். அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. உடம்பு யாருடையதோ அவர் வளர்ந்து வந்து சொல்லட்டும்.

இதில் ஒரு வரியைக்கூடப் பொன்னாவிடம் சொல்ல ஆளில்லை. நாவலைப் படிக்காதவர்கள் படியுங்கள். நேராகத் திருவிழாவுக்குத் தாவாதீர்கள். அந்த விதைப்பு வரும் பக்கத்தை மெதுவாகப் படியுங்கள்.