பைண்டு புத்தகமும் வட்டத் தகடும்

தொடர்கதையை வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு பண்ணி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை அப்படி வைத்திருந்தவர்கள் அநேகம். மணியத்தின் சித்திரங்களும், ஓரத்து விளம்பரமும், 'தொடரும்' என்ற வார்த்தையும்கூட அதில் இருக்கும். பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் கதை மட்டுமே உண்டு. கதை குறையவில்லை என்பது வாஸ்தவம். அநுபவம் குறைந்தது என்பதும் வாஸ்தவம்.

இதே தகராறு இப்போது விளையாட்டுத் தகடுகளைப் பற்றி எழுந்திருக்கிறது. கோடைரோட்டில் என்னிடம் புத்தகம் வாங்கிப் போக வரும் பையன்கள், "சார், பழைய பிளேஸ்டேஷன் தகடுகளைப் படி எடுக்கிறோம். எந்த ஃபார்மட்டில் வைப்பது?" என்று கேட்கிறார்கள். நாவலாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. மூலம் எது, பதிப்பு எது என்பது விமரிசகனின் கேள்வி. ஊருக்கெல்லாம் வழங்க யாருக்கு உரிமை என்பது சட்டத்தின் கேள்வி, அது தனி.

குறுந்தகட்டில் எல்லாம் செக்டார் என்ற சிறு கட்டங்களாக இருக்கின்றன. கட்டம் ஒன்றுக்கு 2352 பைட்டு. சாதாரணத் தரவுக் கட்டத்தில் விஷயம் 2048; மீதி 304 முகவரிக்கும் பிழை திருத்தத்துக்கும். பாட்டுக் கட்டத்திலோ 2352-ம் பாட்டுத்தான். ஐஎஸ்ஓ என்ற வடிவம் 2048-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். பாட்டுக்கு அதில் இடமில்லை. பின்-க்யூ ஜோடியோ முழுக் கட்டத்தையும் 'பின்'னில் வைத்து, எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையைக் 'க்யூ'வில் எழுதி வைக்கிறது.

1994-ல் பிளேஸ்டேஷனுடன் வந்த 'ரிட்ஜ் ரேஸர்' கார்ப் பந்தயத்தைப் பாருங்கள். நிரல் முழுவதும் இயந்திரத்தின் நினைவில் ஏறிவிடும். அதன் பிறகு தகட்டை எடுத்துவிட்டு நம் சொந்தப் பாட்டுத் தகட்டைப் போட்டு, அந்த இசையோடு கார் ஓட்டலாம்! செய்தவர்கள் இசையைத் தகட்டில் தனிப் பாட்டுகளாக வைத்ததால் வந்த வேடிக்கை இது. ஐஎஸ்ஓவாகப் படி எடுத்தால் கார் ஓடும்; பாட்டு இராது. ஊமைப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா?' என்று ஒருவன் சொன்னால் குற்றம் அவனுடையதல்ல, பதிப்பித்தவனுடையது.

அதற்காக ஐஎஸ்ஓவை மட்டம் என்று தள்ளவும் கூடாது. பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த டிவிடி விளையாட்டுகளில் கட்டமே 2048 பைட்டுத்தான். அங்கே ஐஎஸ்ஓ முழுப் பிரதி. வடிவத்துக்கென்று தனி உயர்வு கிடையாது. எந்தக் கிரந்தத்துக்கு எந்த ஏடு என்பதுதான் கேள்வி.

பாட்டை எம்பி3 ஆக்கிச் சுருக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இடம் மிச்சம், நாலு பேருக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் என்கிறார்கள். மலிவுப் பதிப்பை நான் வெறுப்பவனல்ல. ஆனால் அந்தச் சுருக்கத்திலிருந்து மூலத்தை மீட்க முடியாது. 'மேம்' என்ற எமுலேட்டரைச் செய்தவர்கள் உண்டாக்கிய சிஎச்டியும் சுருக்கம்தான்; முறையாகச் செய்தால் ஒரு பைட்டும் குறையாமல் பின்-க்யூவாக விரிக்கலாம். இந்த இரண்டு சுருக்கங்களையும் ஒன்றாக எண்ணுவதுதான் பெரிய பிசகு.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கொடைக்கானல் மலைக்கு ரயில் கிடையாது. கோடைரோட்டில் இறங்கி பஸ் ஏற வேண்டும். விவரமுள்ளவர்கள் இறங்கியதும் மூட்டைகளை எண்ணிவிடுவார்கள். ரயிலில் விட்டதை மலையில் போய்த் தேடினால் கிடைக்குமா? அப்படி எண்ணிப் பார்க்கும் வேலையை ரீடம்ப் என்ற தொண்டர் கூட்டம் செய்கிறது. தகட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் பதிந்திருக்கிறார்கள். நம் படியில் ஒரு பைட்டு மாறினாலும் எண் மாறிவிடும். பதிப்பாசிரியருக்கு வேண்டிய நேர்மை இதைவிட என்ன?

ஆகவே என் அபிப்பிராயம் இது: குறுந்தகடானால் பின்-க்யூவாக எடுத்து, எண்ணை ஒப்பிட்டு, சிஎச்டியாக வைக்கட்டும். டிவிடியானால் ஐஎஸ்ஓ போதும். சுருக்கப் பதிப்பு வேண்டுமென்றால் அதன் பிறகு எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முழுப் பிரதியிலிருந்து மலிவுப் பதிப்பு வரும். மலிவுப் பதிப்பிலிருந்து முழுப் பிரதி வராது. தகடுகளோ வருஷத்துக்கு வருஷம் கீறி, மங்கி, படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன.