பசலியும் ஹாப்சன்-ஜாப்சனும்

வாடிப்பட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் அடங்கல் நகல் பெறும் உழவர், அதில் 'பசலி' என்னும் சொல்லையும் அதனருகே நான்கிலக்க எண் ஒன்றையும் காண்பார். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய உள்ள ஆண்டு பசலி 1434. அச்சொல் எம்மொழியினது என்றோ, அவ்வெண் எதிலிருந்து எண்ணப்படுகிறது என்றோ கேட்பவர் அரிது.

'ஃபஸ்ல்' என்பது பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ஹிஜ்ரிச் சந்திர ஆண்டு, கதிரவ ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அறுவடைக்கும் வரித் தவணைக்கும் அது பொருந்தாமற்போகவே, முகலாய ஆட்சியாளர் ஹிஜ்ரி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் கதிரவ ஆண்டுகளைக் கூட்டிச் செல்லும் முறையைக் கண்டனர். தக்காணத்தில் 1636ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 1046இல், ஷாஜஹான் இதனை நிறுவினார். இரண்டிற்கும் இடையிலான 590 என்னும் வேறுபாடே இன்றும் நம் வருவாய்க் கணக்கில் நிற்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மதீனாப் பயணத்திலிருந்து தொடங்கும் எண்ணிக்கையே, வழியில் நடை மாறி, வாடிப்பட்டி வயல்வெளியின் ஏட்டில் இடம்பெற்றுள்ளது.

இவ்வரலாறு தெளிவாகப் பதிவாகியிருக்கும் நூல்களுள் ஒன்று, ஓர் ஆங்கில அகராதி. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த அதன் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய சொற்களை, எந்த ஆண்டில் யார் எப்படி எழுதினார் என்னும் சான்றுகளோடு அது அடுக்கித் தருகிறது. பர்னல் சென்னை மாகாணக் குடிமைப் பணியினர். தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சேறுமுன் 1882இலேயே மறைந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியாரும் இந்நூலைப் பயன்படுத்திக்கொண்டனர். சொல்லுக்குச் சான்று காட்டும் பொறுமையில் இதற்கு நிகரான நூல்கள் சிலவே. இதனை மனமுவந்து ஒப்புக்கொண்ட பின்னரே நம் வழக்கைத் தொடங்குகிறோம்.

வழக்கு நூலின் பெயரைப் பற்றியது. முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த 'யா ஹஸன்! யா ஹுஸைன்!' என்னும் ஓலத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் தம் காதுக்கேற்பத் திரித்ததே 'ஹாப்சன்-ஜாப்சன்'. திரிபு ஒரே நாளில் நிகழவில்லை. 17ஆம் நூற்றாண்டுப் பயணி ஃபிரையர் 'ஹாஸி காஸி' என்றெழுதினார்; 1726இல் டச்சுக்காரர் வாலன்டைன் 'யாக்சோம் பாக்சோம்' என்றார். இவ்வடிவங்களை யூலே வரிசைப்படுத்துகிறார், மூலத்தையும் மறைக்கவில்லை. வெறும் 'சொற்றொகுதி' என்பது சுவையற்றது என்பதாலும், ஆசிரியர் இருவர் என்பதைக் குறிப்பாலுணர்த்தவும் இப்பெயரைத் தேர்ந்ததாக முன்னுரையில் கூறுகிறார். ஆனால் ஹாப்சனும் ஜாப்சனும் அக்கால ஆங்கில வழக்கில் நாட்டுப்புற அசடர் இருவர்க்கு இடப்படும் பெயர்கள். கர்பலாவின் துயரக் குரல் ஒரு நகைச்சுவை இணையாகி நூலின் முகப்பில் ஏறியதில் யூல் கண்டது பொருத்தம். நாம் காண்பது செவியின் அலட்சியம். முஹர்ரம் ஊர்வலங்கள் மார்க்கத்திற்கு உகந்தவையா என்பது வேறு விவாதம். அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

பிறமொழிப் பெயரைத் திரிப்பதே குற்றமா எனில், அன்று. வடசொல்லைத் தமிழெழுத்தால் எழுதும் முறையைத் தொல்காப்பியமே வகுத்தது. நம் முன்னோரும் ஹஸனை 'அசனார்' ஆக்கினர். அலீயை 'அலியார்' என்றனர். ஒலி மாறிற்று, ஆனால் மாறிய இடத்தில் தமிழ் ஓர் 'ஆர்' விகுதியைச் சேர்த்து மதிப்பைக் கூட்டியது. பிறமொழிச் சொல் தன் ஒலியமைப்புக்கு ஏற்பத் திரிவதை மொழியியலார் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே குறித்தனர். அவ்விதிக்கு 'அசனார் விதி' என்று பெயரிட்டிருந்தால் குறையொன்றும் நேர்ந்திராது.

இன்னொரு குறை பொருள் வரையறையில் உள்ளது. ஆங்கிலேயர் இச்சொற்களைப் பெரும்பாலும் கச்சேரி மேசையில் கேட்டனர், களத்துமேட்டில் கேட்கவில்லை. 'தஹ்ஸீல்', 'மஹ்ஸூல்' இரண்டும் 'ஹ-ஸ-ல' என்னும் ஒரே அரபு வேரின. கிடைத்தல், ஈட்டல் என்பது அதன் பொருள். முன்னதிலிருந்து வரி திரட்டும் தாசில்தார் வந்தார். பின்னது உருதுவில் தீர்வையைக் குறிக்க, தமிழில் 'மகசூல்' என நிலத்தின் விளைச்சலைக் குறிக்கிறது. வரி வாங்குவோனையும் விளைவிப்போனையும் ஒரு வேர் பெற்ற இந்த விந்தையைக் காட்ட, ஆங்கில மேற்கோள் அடுக்குகள் போதா. உழவரின் பேச்சு வேண்டும். 1855இல் வெளிவந்த எச். எச். வில்சனின் வருவாய், நீதிச் சொற்றொகுதி இந்திய மொழி வடிவங்களுக்கு இதைவிடக் கூடுதல் இடம் தருகிறது. படிக்கச் சுவை குறைவு, நம்பகம் மிகுதி.

நம் சமுதாயப் பெயர்களிலோ நூல் தடுமாறுகிறது. 'லப்பை' என்பதை 'அரபீ' என்னும் சொல்லின் திராவிடத் திரிபு என்று அது எடுத்துரைக்கிறது. 'லப்பைக்' என்னும் விடைமொழியோடு இணைத்துக் கூறும் மரபு நம்மிடையே உண்டு. 'சூலியா' என்பதன் தோற்றம் தெளிவற்றது என்று நேர்மையாகவே விட்டுவிடுகிறது. பினாங்கில் ஒரு தெருவும் சிங்கப்பூரில் ஒரு பள்ளிவாசலும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அங்கே கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்களின் பத்திரங்களிலும் கப்பற் கணக்குகளிலும் அர்வித் தமிழ் ஏடுகளிலும் இச்சொற்கள் எவ்வாண்டில் எவ்வடிவில் வருகின்றன என்று தேடித் தொகுக்க, யூல் கையாண்ட ஆண்டு வரிசை முறையே நமக்கும் போதும்.