பட்சபாதமும் நம்பகமும்

'எகனாமிஸ்ட்' பத்திரிகை முதலாளிகளுக்குப் பரிந்து பேசுகிறது, ஆகையால் நம்பத் தகாதது என்று சேத்தியாத்தோப்பு நண்பர்கள் சிலர் வாதாடுகிறார்கள். முன்பாதியை ஒப்புக்கொள்கிறேன், அந்த 'ஆகையால்'தான் எனக்கு உடன்பாடில்லை.

1843-ல் ஜேம்ஸ் வில்ஸன் அதைத் தொடங்கியதே தானிய இறக்குமதி வரியை எதிர்த்துத் தடையற்ற வாணிபத்துக்கு வாதாடத்தான். 1860-ல் நம் தேசத்துக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. பத்திரிகை தன் கட்சியை மறைக்கவில்லை. சரக்கு இன்னதென்று பலகை மாட்டியிருக்கும் கடையில் ஏமாறுவது கடினம்.

என் குறை வேறு. கட்டுரைகளில் எழுதியவர் பெயர் இராது. யாரோ ஒருவருடைய அபிப்பிராயம், சந்தேகமே தட்டாத ஒரே குரலில், நடந்த சங்கதி போல வந்துவிடுகிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்காக, பயிர் நின்ற வயலையே இயந்திரங்கள் வெட்டின. வாணிபக் கண்ணுக்கு அது பழுப்பு நிலக்கரி, மின்சாரம், நஷ்டஈடு. இந்தக் கணக்கு பொய்யல்ல. நட்டவன் கண் முன்னே பயிர் அழிந்த வேதனைக்கு அதில் பத்தி கிடையாது, அவ்வளவுதான்.

எனவே, பத்திரிகை பொய் சொல்கிறதா என்று பார்த்தால் போதாது. எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் பார்க்கவேண்டும். முழுக்க நம்பிவிடுவதும், படிக்காமலே தள்ளிவிடுவதும் சோம்பலின் இரண்டு முகங்கள்தாம்.