ஓகேயின் பிறந்த ஊர்

'ஓகே' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். "அப்பா ஓகே சொல்லிட்டார்" என்றால் சம்மதம். "படம் ஓகே" என்றால் சுமார்தான், தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை. கீழே விழுந்து எழுந்தவரிடம் "ஓகேவா?" என்றால் அக்கறை. "ஓகே, அப்புறம் பேசறேன்" என்றால் போனை வைக்கப்போகிறார்கள். குரல் கொஞ்சம் ஏறி இறங்கினாலே பொருள் மாறிவிடுகிறது.

பிறந்ததே விளையாட்டாகத்தான். 1830களின் இறுதியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு மோகம். ஒரு தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் அச்சில் விடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பது 'ஓல் கொரெக்ட்' ஆகி, 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் ஓ.கே. என்று வந்தது. 'ஆல் ரைட்'டும் அப்படியே ஓ.டபிள்யூ. ஆனது, அது போன இடம் தெரியவில்லை.

ஓ.கே.யைக் காப்பாற்றியது தேர்தல். 1840இல் மறுபடியும் நின்ற அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர், நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயரை வைத்து ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் ஊரெங்கும் பரவியது.

சாக்டா பழங்குடி மொழி, கிரேக்கம் என்று ஆளுக்கொரு மூலம் சொல்லிவந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேடி, 1963, 1964இல் ஆதாரங்களோடு கட்டுரைகள் எழுதினார். இரண்டே எழுத்துக்காக அவர் காட்டிய அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.