வாக்குத்தத்த அட்டையும் எரேமியாவின் நிருபமும்

பொன்மலையின் ரயில்வே குடியிருப்புகளில் கிறிஸ்தவ இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் போதகர், கூடத்துச் சுவரில் ஒரு வசன அட்டையைக் காண்பது அரிதன்று. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பெற்று வந்து, அவ்வாண்டு முழுமைக்குமான வாக்குத்தத்தம் எனப் போற்றப்படும் அட்டை அது. அவ்வகை அட்டைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் வசனங்களுள் ஒன்று எரேமியா 29:11. தனி வேதவாசிப்பினால் விசுவாசி அடையும் தேறுதல் எத்தன்மையது என்பதை ஆராய முற்படும் நாம், இந்த ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம்.

நம் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் திருப்புதல், ஹென்றி பவர் ஐயர் முதன்மையாயிருந்து உழைத்து 1871இல் நிறைவுபெற்ற ஐக்கியத் திருப்புதலாகும். அதில் இவ்வசனம் 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்னும் தொடரைக் கொண்டுள்ளது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலும் ஏறக்குறைய இவ்வாறே கூறுகிறது. எபிரெய மூலத்திலோ 'அகரித்', 'திக்வா' என்னும் இரு பெயர்ச்சொற்கள் இணைந்து நிற்கின்றன. பின்வரும் காலம், நம்பிக்கை என அவற்றைப் பொருள்படுத்தலாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், இரண்டையும் இரண்டாகவே பெயர்த்துள்ளது. இவ்வேறுபாடு சிறிதன்று. 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்றவுடன், வாசிப்பவன் தான் எதிர்பார்த்திருக்கும் முடிவையே எண்ணுகிறான். அப்ரண்டிஸ் பயிற்சி முடித்து நியமனத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞனுக்கு அது பணிமனை வேலை. மகளுக்கு வரன் தேடும் தாய்க்கு அது திருமணம். ஆண்டு முடிந்தும் அது வாராதபோது, தன் விசுவாசம் குறைவுள்ளது என்றோ, வாக்குப் பொய்த்தது என்றோ அவர்கள் உள்ளம் உடைகின்றது. இவ்விரு முடிவுகளில் எதற்கும் எரேமியா பொறுப்பாளி அல்லர்.

இன்னும் ஒன்று. இவ்வசனத்தில் கர்த்தர் 'நீங்கள்', 'உங்கள்' என்று பேசுகிறார். நம் பேச்சுத் தமிழில் 'நீங்கள்' என்பது ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வழங்குவதால், அட்டையைக் கையில் வைத்திருப்பவர் அது தம்மையே விளிக்கிறது எனக் கொள்ள இடமுண்டாகிறது. ஆயினும் இத்திருப்புதலில் கர்த்தர் தனி ஒருவரை நோக்கிப் பேசுகையில் 'நீ' என்றே பேசுகிறார். 'நீங்கள்' என்பது பன்மையே. இக்கால ஆங்கிலம் மட்டும் அறிந்த வாசகர் காண இயலாத இவ்வேறுபாட்டைத் தமிழ் வேதாகமம் தெளிவாகக் காட்டியிருந்தும், நாம் அதைக் கவனியாமற் போனோம். ஹெர்ன்ஹூத் மொராவிய சகோதரர் 1731 முதல் அச்சிட்டுவரும் நாள்வசன நூலும் சீட்டுப்போட்டுத் தெரிந்தெடுத்த வசனங்களைக் கொண்டதே. எனினும் அங்கு ஒரு நாளின் வசனம் அனைவர்க்கும் ஒன்று. நம் அட்டையோ ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டது.

இனி அதிகாரத்தை முழுவதும் வாசிப்போம். இது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதப்பட்ட நிருபம். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்வியுங்கள், அப்பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று அது பணிக்கிறது. ஏழாம் வசனத்தில் மும்முறை வரும் 'ஷாலோம்' என்னும் சொல்லே பதினோராம் வசனத்திலும் வருகிறது. பழைய திருப்புதல் ஈரிடத்திலும் 'சமாதானம்' என்றே பெயர்த்து இத்தொடர்பைக் காத்துள்ளது. இதற்காக பவர் ஐயரின் குழுவினருக்கு நாம் நன்றியுள்ளவர்களாயிருக்க வேண்டும். பத்தாம் வசனம் எழுபது ஆண்டு என்கிறது. நிருபத்தைக் கேட்ட பெரியோர், தாங்கள் திரும்பப்போவதில்லை என்று அறிந்தே பதினோராம் வசனத்தைக் கேட்டனர். அவ்வாக்கின் பயனைக் காண்போர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

பொன்மலையார்க்கு இது அந்நியமான கதையன்று. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கு மாற்றப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்களும் கடற்கரையை விட்டு இப்பாறை நிலத்திற்கு வந்தன. அம்மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் அதன் விளைவு. கட்டாயத்தால் வந்த ஊரில் வீடு அமைத்து, மரம் நட்டு, பிள்ளைகளை வளர்த்தவர்களின் சந்ததியார் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். பாபிலோனோடு பொன்மலையை ஒப்பிடுவது மிகையாகலாம். ஆனால் ஐந்தாம் வசனம் இவர்களுடைய பாட்டனார் வாழ்ந்த வசனம் என்று சொல்லுவது மிகையன்று. அதனை அட்டையில் அச்சிடுவாரைத்தான் காணோம்.

விரைவான முடிவை வாக்களித்தவர் ஒருவர் இருந்தார். அவர் முந்திய அதிகாரத்தில் வரும் அனனியா. இரண்டு ஆண்டில் எல்லாம் திரும்பும் என்றார். மக்கள் எதிர்பார்த்திருந்த முடிவு அதுவே. ஆதலின் இருபத்தெட்டாம் அதிகாரத்தை விடுத்து இருபத்தொன்பதில் ஒரு வசனத்தை மட்டும் எடுப்பவர், எரேமியாவின் பெயரால் அனனியாவின் செய்தியை ஏந்திச் செல்ல நேரிடும். இரவு ஆராதனையில் அட்டைகளை வழங்கும் போதகர்களாகிய நாமும் இதில் நீங்கலானவர்கள் அல்லர்.

இவ்வளவு கூறியபின் இறையியல் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. எபிரெயம் ஓராண்டு கற்றவுடன் அட்டையை இகழத் தொடங்குவது எளிது. கண் மங்கிய முதியவள், மனப்பாடமான அவ்வொரு வசனத்தைப் பற்றிக்கொண்டே பல துக்கங்களைக் கடந்து வந்திருக்கலாம். அவளிடம் இலக்கணம் பேசுவது அறிவன்று. வாசிக்கக் கூடியவர்க்கோ 27 முதல் 29 வரையுள்ள மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசிக்கக் கற்பிப்பது நம் கடன். அரைமணி நேரம் போதும்.

நியமனம் வாராத அந்த இளைஞனோடு எங்கே தொடங்குவது? 28:6இல் தொடங்கலாம் என்பது நம் கருத்து. இரண்டே ஆண்டு என்று அனனியா கூறக் கேட்டபோது, எரேமியா உடனே மறுத்துரைக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்று முதலில் 'ஆமென்' சொன்னார். அவரும் அந்த முடிவையே விரும்பியிருந்தார்.