முதுமாலுமியும் மணவிருந்தும்

கோல்ரிட்ஜ் 1798-இல் வெளியிட்ட முதுமாலுமியின் நெடும்பாடலைக் கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டில் நாங்கள் சிலர் கூடி, ஏழு பகுதிகளையும் உரக்கப் படித்து ஆராய்ந்தோம். ஆங்கிலக் கவிதையைக் கூடிப் படித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. பாரதியார் எட்டயபுரத்தில் ஷெல்லியின் பெயரால் ஒரு கழகமே அமைத்திருந்தார். தனியே படிக்கையில் எளிதாகக் கடந்துவிடும் இடத்தில், குழுவில் எவரேனும் ஒருவர் நம்மை நிறுத்திவிடுகிறார்.

கடல் சூழ்ந்திருந்தும் குடிநீரின்றி நா வறளும் பகுதியில் அவ்வாறு நின்றோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டினுள் நிற்க, குடிநீருக்குக் காத்திருந்தோர் எங்களிடையே இருந்தனர். அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

நெடுநேரம் நின்றது நான்காம் பகுதியில். அல்பட்ராஸ் பறவையைக் காரணமின்றி எய்து கொன்றவன், தோழர் இருநூறு பேரும் மடிந்தபின், ஜெபிக்க முயன்றும் இயலாதிருக்கிறான். பின்பு, தான் அருவருத்த நீர்ப்பாம்புகளின் அழகை நிலவொளியில் கண்டு, தன்னையறியாமல் அவற்றை வாழ்த்துகிறான். அக்கணமே ஜெபம் பிறக்கிறது. கழுத்தில் தொங்கிய பறவை கடலில் வீழ்கிறது. எண்ணாகமத்து வெண்கலச் சர்ப்பத்தை ஒருவர் நினைவூட்டினார். ஒப்புமை கவர்ச்சியானதே. ஆயினும் அங்கு நோக்கிப் பார்க்கும்படி ஒரு கட்டளை உண்டு. இங்கு அவனுக்கு எவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிருபை என்னும் சொல்லை இப்பாடலுக்கு ஆளலாமெனில், அவன் அறியாமல் வாழ்த்தினான் என்பதிலேயே அதற்கு இடமுண்டு.

நம் பிரசங்கங்களிலோ, எல்லா உயிரையும் நேசிக்கவேண்டும் என்று மாலுமி இறுதியில் கூறும் அறிவுரையே எடுத்தாளப்படுகிறது. பாடலில் நீதி இல்லையெனப் பார்பால்டு அம்மையார் குறைகூற, நீதி மிகுந்துவிட்டதே குறை என்று தாம் விடையளித்ததாகக் கோல்ரிட்ஜ் 1830-இல் கூறினார். நாம் அவர் பக்கமே. இருநூறு பிணங்களுக்கு அந்த அறிவுரை ஈடாகாது.

துறவியிடம் பாவ அறிக்கையிட்டு விடுதலை பெற்றும் அவனுக்கு வேதனை மீண்டும் மீண்டும் வருகிறது. கதையைச் சொன்னாலன்றித் தணிவதில்லை. பிரசங்கிப்பது தன்மேல் விழுந்த கடமை என்ற பவுலுக்கு இவனை ஒப்பிட்டார் ஒரு மாணவர். பவுல் கொணர்ந்தது நற்செய்தி; இவன் கொணர்வது தன் குற்றமே என்றார் மூத்த போதகர் ஒருவர். கேட்டவனோ மணவீட்டு வாசல்வரை வந்தும் விருந்துக்குள் நுழையாமல் திரும்பிப்போகிறான். கலியாண விருந்துக்கு மக்களை அழைக்கும் பணியினராகிய நாம், நம் பிரசங்கத்தைக் கேட்டோர் எத்திசையில் செல்கின்றனர் என்று பார்த்ததுண்டா?

இவ்வினாவில் நாங்கள் ஒருமனப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் முதற்பகுதியிலிருந்தே மீண்டும் தொடங்கினோம்.